கொட்டாங்கச்சியும் பனங்கையும் கண்ணாடிச் சட்டமாகலாம்
கம்பம் பள்ளத்தாக்குக்கு ஏற்ற ஒரு கைத்தொழில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கூடலூரிலிருந்து தேனி வரையில் விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு தமிழ்நாட்டின் வளமிக்க நிலப்பகுதிகளுள் ஒன்றாகும். 1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பிய நாள் தொட்டு இங்கே நெல்லும் தென்னையும் வாழையும் செழித்து வருகின்றன. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் இப்பள்ளத்தாக்கில் விளைவனவற்றுள் பெரும்பகுதி விளைந்த உருவிலேயே லாரியேறி வெளியூர் சென்றுவிடுகிறது. எஞ்சும் கொட்டாங்கச்சி அடுப்புக்கும் கரிக்கும் போகிறது. ஓட்டு வீடு இடிக்கும்போது கழிக்கப்படும் பனங்கை விறகாகிறது.

அண்டை மாவட்டமாகிய மதுரையில், டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, கிராமத்தில் கிடைக்கும் மூலப்பொருளுக்குக் கிராமத்துக் கைகளே உருக்கொடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்தார். அக்கருத்தை இன்றைய சந்தைக்கு ஏற்பச் செயற்படுத்த ஒரு வழி உண்டு. வெயிலில் அணியும் குளிர்க்கண்ணாடிகளுக்கான சட்டங்களை மரம், மூங்கில், கொட்டாங்கச்சி ஆகியவற்றைக் கொண்டு கையால் செய்யும் சிறு பட்டறையே அது. அத்தகைய பட்டறையைத் தொடங்குவோர் அறிய வேண்டுவனவற்றை இங்கே விளக்குவோம். இதில் ஒரு செய்தியை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். சட்டத்தை நம் ஊரில் செய்யலாம். வில்லையை, அதாவது லென்ஸை, தரம் சோதித்தே வாங்க வேண்டும். இதில் தவறினால் பிறர் கண்ணுக்குத் தீங்கு செய்தவர்களாவோம்.

புதுமையன்று, பழமையே

கையில் கிடைத்த பொருளைக் கொண்டு கண்ணைக் காத்துக்கொள்வது மனிதனின் பழைய வழக்கம். வட துருவத்தை அடுத்து வாழும் இனூயிட் மக்கள், பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளியினின்று கண்ணைக் காக்க எலும்பு, கலைமான் கொம்பு, கடலில் மிதந்து வரும் மரம் ஆகியவற்றில் மெல்லிய கீறல் விட்டுக் கண்மூடிகள் செய்து அணிந்தனர். அவற்றில் கண்ணாடியே இல்லை. கீறலின் வழியே சிறிதளவு ஒளி மட்டுமே உட்புகும். பிற்காலத்தில் செல்லுலாய்டு வந்தது. 1929-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரக் கடற்கரையில் சாம் பாஸ்டர் என்பவர் மலிவு விலைக் குளிர்க்கண்ணாடிகளை விற்கத் தொடங்கிய பின்னர், அது பொதுமக்கள் அணியும் பொருளாயிற்று.

நம் நாட்டிலும் அண்மையில் ஒரு முயற்சி நாடறிந்தது. புணே நகரில் அனீஷ் மல்பானி என்பவர் நிறுவிய அஷாயா என்னும் நிறுவனம், உருளைக்கிழங்கு வறுவல் அடைத்து வரும் பளபளப்பான பாக்கெட்டுகளினின்று பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுத்து, அதைக் கொண்டு குளிர்க்கண்ணாடிச் சட்டம் வார்த்து 2023-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. பல படலங்கள் ஒட்டிய அத்தகைய பாக்கெட்டை மறுசுழற்சி செய்வது அரிது. ஒருவரும் வேண்டாத குப்பைக்கு அங்கே விலை கிடைத்தது. குப்பை பிரிக்கும் தொழிலாளருக்கும் அதில் பங்கு கிடைத்தது. அவ்வகை வேலைக்கு ஆய்வுக்கூடமும் அச்சு வார்க்கும் இயந்திரமும் தேவை. ஆகையால் கிராமத்துப் பட்டறை அதை அப்படியே பின்பற்ற இயலாது. ஆனால் அதன் படிப்பினை நமக்கும் உரியது. பொருள் எங்கிருந்து வந்தது, யார் கையால் ஆனது என்பதை அறிந்து, அதற்கென விலை கொடுக்க முன்வருவோர் இன்று உளர்.

நம் ஊர்ப் பொருள்கள்

கொட்டாங்கச்சி: முற்றிய தேங்காயின் ஓடு கடினமானது, தேய்த்தால் கருமையும் பழுப்பும் கலந்து பளபளக்கும். ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ஓட்டின் வளைவு முகத்தின் வளைவைக் காட்டிலும் மிகுதி. சட்டத்தின் முன்பகுதி ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். ஒரே ஓட்டில் அதை வெட்டியெடுக்க இயலாது. இரண்டாவது, ஓடு வளையாது, கீழே விழுந்தால் நொறுங்கும். ஆதலால் மரத்தாலோ மூங்கிலாலோ அடித்தட்டு அமைத்து, ஓட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி அதன்மேல் பதித்து ஒட்டுவதே தக்க முறை. வலிமை அடித்தட்டுக்கு, அழகு ஓட்டுக்கு என்று கொள்க.

பனை வயிரம்: பனைமரத்தின் வெளிப்புறத்து வயிரம் கருநாரும் வெண்ணிறமும் வரிவரியாக ஓடும் அரிய மரம். அதற்காக நிற்கும் பனையை வெட்டலாகாது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் கைமரங்களே போதும். பல்லாண்டுகள் கூரையில் காய்ந்து உரமேறிய அந்த மரம் இனித் திருகிக்கொள்ளாது. ஆனால் பனையின் சிராய் ஊசிபோல் ஏறும். எனவே நன்கு இழைத்து, மேற்பூச்சு இட்டு மூடிய பின்னரே அது தோலில் படலாம்.

மூங்கில்: எடை குறைவு, வளைந்து கொடுக்கும் தன்மை மிகுதி. ஆனால் மாவுச்சத்து உள்ளமையால் உளுப்பூச்சி துளைத்துப் பொடியாக்கிவிடும். போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் அக்குறை நீங்கும். 2017-இல் இந்திய வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்னும் வகையினின்று நீக்கப்பட்டது. தம் நிலத்து வரப்பில் மூங்கில் வளர்ப்போருக்கு இது நன்மையே.

தோப்பு மரங்கள்: பெரியகுளம் பகுதியில் காய்ப்பு ஓய்ந்து வெட்டப்படும் மாமரம், வாய்க்கால் கரைப் பூவரசு, தச்சுப் பட்டறைகளில் கழியும் தேக்குத் துண்டு ஆகிய அனைத்தும் பயன்படும். ஒரு கண்ணாடிச் சட்டத்துக்கு வேண்டும் மரம் ஒரு கைப்பிடியளவே.

எருமைக் கொம்பு: கொம்பைச் சூடேற்றினால் இளகும், தகடாக அழுத்தலாம். கண்ணாடிச் சட்டத்துக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் பொருள் இது. ஆனால் சுடும்போது எழும் நாற்றமும் அறுக்கும்போது எழும் தூசும் மிகுதியாதலால், தொழில் பழகிய பின்னரே இதில் இறங்குவது நலம்.

தொடக்கூடாத பொருள்களும் உண்டு. ஒரு காலத்தில் உயர்ந்த கண்ணாடிச் சட்டங்கள் கடலாமை ஓட்டால் செய்யப்பட்டன. ஆமை ஓடு, மான் கொம்பு, யானைத் தந்தம் ஆகியவற்றின் வாணிகத்துக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது. காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்பு என்று சொல்லித் தப்ப முடியாது. ஈட்டி மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே செய்யப்பட்டது. இப்பள்ளத்தாக்கை ஒட்டிய மேகமலைக் காடுகள் 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. காட்டிலிருந்து ஒரு குச்சியும் எடுப்பதில்லை என்பது பட்டறையின் முதல் விதியாக இருக்கட்டும்.

செய்யும் முறை

மரம் நாரின் வழியே பிளக்கும் இயல்புடையது. மூக்கின்மேல் அமரும் பாலமும் வில்லையின் கீழ் விளிம்பும் மிக மெல்லியவை. ஒரே பலகையில் வெட்டினால் அங்கேதான் முறியும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் அல்லது அதனினும் மெல்லிய தகடுகள் நான்கைந்தை, ஒன்றின் நார் மற்றொன்றின் குறுக்கே ஓடுமாறு அடுக்கி எபாக்சிப் பசையால் ஒட்ட வேண்டும். ஈரம் உலராமுன் அவற்றை வளைந்த அச்சில் வைத்து இறுக்கினால், பசை காயும்போது முகத்துக்கு ஏற்ற வளைவும் நிலைத்துவிடும்.

பின்னர்த் தகரத்தில் வெட்டிய மாதிரியை வைத்துக் கோடு கிழித்து, மெல்லிய இழைப்பு ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவ வேண்டும். பொதுவாக வில்லையின் அகலம் 48 முதல் 54 மில்லிமீட்டர், மூக்குப் பாலம் 16 முதல் 20 மில்லிமீட்டர், காதில் மாட்டும் பக்கத் தண்டு 135 முதல் 145 மில்லிமீட்டர் என்னும் அளவுகளில் பெரும்பாலான முகங்கள் அடங்கும். வில்லை அமரும் காடி ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரே சீராக ஓட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று வடிவங்களோடு நிற்பதே அறிவுடைமை. வடிவம் பெருகினால் ஒவ்வொன்றுக்கும் தனி வில்லை வெட்ட வேண்டியிருக்கும். சந்தையில் கிடைக்கும் வில்லையின் வடிவத்துக்கு ஏற்பச் சட்டத்தை அமைத்தால் அத்தொல்லை இல்லை.

கீல் துருப்பிடிக்காத எஃகினால் ஆனதாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வியர்வை கீலைத்தான் முதலில் தின்னும். நிக்கல் கலந்த உலோகம் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும். வில்கீல் சற்று விலை கூடியதாயினும், தண்டை அகல விரிக்கும்போது மரத்தின்மேல் விழும் சுமையைக் குறைக்கும். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய தாளுக்கு வந்து, ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் பூசித் துடைத்தால் மரத்தின் இயற்கை நிறம் எழும். எண்ணெயை முற்றும் உலர விட வேண்டும்.

புதிய வடிவம் ஒன்றை விற்பனைக்கு அனுப்புமுன் கீலை 500 முறை திறந்து மூடிப் பார்க்க. பிறகு வயலில் வேலை செய்யும் ஒருவரிடம் ஒரு வாரம் அணியக் கொடுக்க. பசை விட்டதா, சாயம் இறங்கியதா, மூக்கில் தழும்பு விழுந்ததா என்பதை அவர் சொல்வார். இதனினும் சிறந்த சோதனை வேறில்லை.

மரத்தூளும் ஓட்டுத்தூளும் நுரையீரலுக்குத் தீங்கு செய்வன. காற்றோட்டமான கூடம், மூக்குக் கவசம், பணியாளருக்குக் கண் கவசம் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். கண்ணுக்குக் காப்புச் செய்யும் பட்டறையில் பணியாளரின் கண்ணுக்குக் காப்பில்லை என்றால் அது நகைப்புக்கு இடமாகும்.

கருமை வேறு, காப்பு வேறு

இத்தொழிலின் உயிர்நிலை வில்லையே. வெயிலில் நாம் காணும் ஒளியோடு, காண இயலாத புற ஊதாக் கதிர்களும் கலந்து வருகின்றன. ஆண்டுக்கணக்கில் அவை கண்ணில் படுவது கண்புரைக்கும், வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்கும் துணை செய்கிறது. நாளெல்லாம் வெளியில் உழைக்கும் உழவர்க்கே இக்கேடு மிகுதி.

கண்ணாடி எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு காப்பு என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழை. கருமை, காணும் ஒளியைக் குறைக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது வில்லையின் பொருளும் அதில் சேர்த்த மருந்துமே. நிறமற்ற வில்லையொன்று அக்கதிரை முற்றும் தடுக்கலாம். கன்னங்கரிய வில்லையொன்று தடுக்காமலும் விடலாம். பின்னதுதான் ஆபத்தானது. இருளைக் கண்டதும் கண்ணின் பாவை விரிகிறது. விரிந்த பாவையின் வழியே, வெறுங்கண்ணில் புகுவதைக் காட்டிலும் மிகுதியாகவே அக்கதிர் உட்புகக்கூடும். கண்ணாடி அணியாதவன் கண்ணைச் சுருக்கித் தன்னைக் காத்துக்கொள்வான். போலிக் கண்ணாடி அணிந்தவன் காப்பிருக்கிறதென்று நம்பிக் கண்ணைத் திறந்து வைப்பான்.

ஆகவே வில்லை வாங்கும்போது 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்னும் உறுதியை, அதாவது யு.வி. 400 என்னும் தரத்தை, சோதனைச் சான்றோடு கேட்டுப் பெற வேண்டும். பாலிகார்பனேட் வில்லைகள் எளிதில் உடையாதவை. இக்கதிரையும் நன்கு தடுப்பவை. சான்றை மட்டும் நம்பியிராமல், வரும் ஒவ்வொரு கட்டிலும் சிலவற்றை எடுத்துக் கதிர் அளக்கும் சிறு கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடைகள் பலவற்றில் இக்கருவி உண்டு. பட்டறையே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது மேலும் நலம்.

ஒளியை உள்ளே விடும் அளவைக் கொண்டு உலகத் தர அமைப்பு வில்லைகளை 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரித்துள்ளது. நூற்றுக்கு 18 முதல் 43 பங்கு ஒளியை விடுவது 2-ஆம் வகை; 8 முதல் 18 பங்கு விடுவது 3-ஆம் வகை. நம் வெயிலுக்கு இவ்விரண்டும் ஏற்றவை. 3 முதல் 8 பங்கு மட்டுமே விடும் 4-ஆம் வகையை அணிந்து வண்டி ஓட்டலாகாது. எந்தக் குளிர்க்கண்ணாடியை அணிந்தும் சூரியனையோ கிரகணத்தையோ நேரே நோக்குதல் கூடாது. இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டு ஒவ்வொரு கண்ணாடியோடும் வைக்க வேண்டும்.

பார்வைக் குறைவுக்கான பவர் கண்ணாடியைப் பட்டறை தானாகக் கொடுக்கலாகாது; அது கண் பரிசோதித்த பின்னர்க் கொடுக்க வேண்டுவது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை தேனியில் உண்டு. அதனோடு இணைந்த கண் பார்வை மையங்களும் இம்மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு அருகே அமைந்துள்ளன. பவர் வேண்டுவோரை அங்கே அனுப்பி, அவர்கள் தரும் சீட்டின்படி கண்ணாடி வல்லுநர் வெட்டிக் கொடுக்கும் வில்லையை நம் சட்டத்தில் பொருத்தலாம்.

இன்னொரு குறிப்பும் உழவர்க்கு வேண்டும். கதிரடிக்கும்போது நெல் தூசும், சோளத் தோகையும் கருவிழியைக் கீறினால் பூஞ்சைப் புண் உண்டாகிப் பார்வையே போகக்கூடும். அவ்வேலைக்குப் பக்கங்களையும் மூடும் நிறமற்ற காப்புக் கண்ணாடியே ஏற்றது. நம் மரக் கண்ணாடி அதற்கு ஈடாகாது.

வரவு செலவு

கணக்கை விளக்க ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இவை கற்பனைத் தொகைகளே. தொடங்குவோர் தம் ஊர் விலையை இட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சட்டத்துக்கு மரம், பசை, மெழுகு ஆகியவற்றுக்கு 60 ரூபாய். கீலுக்கு 40 ரூபாய். கூலி 250 ரூபாய். ஆக 350 ரூபாய் என்க. தரமான வில்லை ஒரு இணை 150 ரூபாய். உறையும் துடைக்கும் துணியும் 50 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் அடக்கவிலை 550 ரூபாய். ஆனால் பத்துச் சட்டத்தில் இரண்டு உடைந்துபோனால், பத்துக்குச் செலவிட்ட 3,500 ரூபாயை எட்டுச் சட்டங்களே சுமக்க வேண்டும். அப்போது சட்டத்தின் விலை 437 ரூபாய் 50 காசு. வில்லையும் உறையும் சேர 637 ரூபாய் 50 காசு. 1,000 ரூபாய்க்கு விற்று, அதில் கடைக்காரர் 300 ரூபாய் எடுத்துக்கொண்டால் பட்டறைக்கு நிற்பது 62 ரூபாய் 50 காசு மட்டுமே. வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம் ஆகியவை இன்னும் கழிக்கப்படவில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகும். உடைசலைக் குறைப்பதே முதல் லாபம். அடுத்தது, இந்த நெருக்கடியில்தான் சோதனை வருகிறது. சான்றில்லாத கறுப்பு வில்லை 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று ஒருவர் வந்து சொல்வார். அதை வாங்கினால் ஒவ்வொரு கண்ணாடியிலும் 120 ரூபாய் மிஞ்சும். பார்வைக்கு வேறுபாடும் தெரியாது; வாங்குவோர் அறியவும் மாட்டார். தொழிலின் மானம் அந்த 120 ரூபாயில்தான் இருக்கிறது. விலையை உயர்த்தலாம், வடிவத்தைக் குறைக்கலாம், இடைத்தரகரைத் தவிர்த்து நேரே விற்கலாம். வில்லையில் மட்டும் கை வைக்கலாகாது.

விற்பனைக்கு இடம் தொலைவில் இல்லை. கூடலூரைக் கடந்து மலையேறினால் குமுளியும் தேக்கடியும். மறுபுறம் மேகமலை, சுருளி அருவி, கொடைக்கானல். வருவோர் வெயிலிலும் மலையிலும் திரிபவர். ஊரின் நினைவாகப் பொருள் தேடுபவர். வாழைநார் உறையிலோ பனையோலைப் பெட்டியிலோ வைத்து, எந்த மரம், எந்த ஊர் என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் விரும்பி வாங்குவர். உறை பின்னும் பெண்களுக்கும் வேலை கிடைக்கும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கு உரியனவாகக் குறிக்கப்பட்ட 29 பொருள்களில் சிறு தொழிலும், காதி, கிராம, குடிசைத் தொழில்களும் அடங்கும். எனவே இம்முயற்சிக்குத் துணை நிற்பது பஞ்சாயத்தின் கடமைகளுள் ஒன்றே. பயன்படாமல் கிடக்கும் கட்டடம் ஒன்றை முறைப்படி தீர்மானம் இயற்றி மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கொடுக்கலாம். தச்சு வேலை அறிந்த முதியோர் ஒருவரையும், தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற இளைஞர் ஒருவரையும் அக்குழுவோடு இணைக்கலாம். ஒருவரிடம் கைப்பழக்கமும் மற்றவரிடம் அளவு நுட்பமும் இருக்கும்.

கடன் பெற வழிகள் உண்டு. 2024 டிசம்பரில் மாநில அரசு அறிவித்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் நூற்றுக்கு 25 பங்கு, அதாவது 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் வகுக்கப்பட்டன. இத்தொழில் எந்தத் திட்டத்தில் அடங்கும், நடப்பு விதிகள் யாவை என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிந்த பின்னரே இயந்திரம் வாங்க வேண்டும்.

அனைத்தினும் மேலாக, பஞ்சாயத்து ஒரு பதிவேட்டை வைக்கச் செய்யலாம். வில்லைக் கட்டு எந்நாள் வந்தது, சோதித்தவர் யார், கருவி காட்டிய அளவு என்ன என்று அதில் எழுதி, யார் வேண்டுமாயினும் பார்க்கும்படி பட்டறை வாயிலில் வைக்க வேண்டும். முதலில் ஆறு மாதம் இருபது முப்பது கண்ணாடிகளோடு நின்று, உள்ளூர் மக்களே அணிந்து குறை கூற, அவற்றைத் திருத்திக்கொண்டு பிறகு வளர்வது நன்று.

கொட்டாங்கச்சிக்கும் பனங்கைக்கும் மதிப்புத் தேடித் தருவது சிறு செயலன்று. ஆயினும் வாங்குவோர் நம்பி நம்மிடம் ஒப்படைப்பது தம் கண்களை. அந்நம்பிக்கைக்கு ஊறு நேராமல் நடத்தப்படும் பட்டறை சிறியதாயினும் நிலைத்து நிற்கும். அது இருக்கும் ஊரின் பெயரும் அதனோடு நிற்கும்.